பதிவேட்டில் ஒட்டிய பூச்சி - கிரேஸ் ஹாப்பர் அம்மையார்



நம் கம்ப்யூட்டர் பிரிவில் யாரைப் பிடித்துக் கேட்டாலும் 'பக்' என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். அமெரிக்காவில் ஒரு அம்மா கம்ப்யூட்டருக்குள் இருந்து பூச்சியைப் பிடித்தாராம், அன்றிலிருந்து புரோகிராமில் வரும் பிழைக்கு 'பக்' என்று பேர் வந்துவிட்டதாம்! நானும் முதலாண்டில் இதை அப்படியேதான் கேட்டேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, இதில் பாதி உண்மை, பாதி கட்டுக்கதை. உண்மையான பாதி, கட்டுக்கதையை விட நல்லா இருக்கு. அதனால்தான் இந்த மலரில் அந்த அம்மையாரின் வாழ்க்கையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

அவர் பெயர் கிரேஸ் ஹாப்பர். 1906 டிசம்பர் 9 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில் வீட்டிலிருந்த அலாரம் கடிகாரத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். திரும்ப மாட்டத் தெரியவில்லை. சரி, இன்னொன்றைப் பார்த்தால் தெரியும் என்று அடுத்ததைக் கழற்றினார். இப்படியே வீட்டில் ஏழு கடிகாரமும் போச்சு! அவருடைய அம்மா அடிக்கவில்லை. இனிமேல் ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள் என்று மட்டும் சொல்லிவிட்டார். நம் வீடுகளில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்பா இன்சூரன்ஸ் தொழில் செய்தவர். ரத்தக்குழாய் நோயால் இரண்டு கால்களையும் எடுக்க வேண்டி வந்தது. நாளைக்கு நான் இல்லாமல் போனாலும் பெண் பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று, மகனுக்கு என்ன படிப்போ அதையே இரண்டு மகள்களுக்கும் கொடுக்கணும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். கிரேஸ், வாசார் கல்லூரியில் சேரப் பரீட்சை எழுதியபோது லத்தீன் பாடத்தில் தேறவில்லை. அடுத்த ஆண்டுதான் இடம் கிடைத்தது. அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் மெதுவாகப் படிக்கலாம்! 1928-ல் கணிதமும் இயற்பியலும் முடித்தார். 1934-ல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். இடையில் 1930-ல் திருமணம். 1931 முதல் வாசாரிலேயே ஆசிரியை. இப்படியே போயிருந்தால் ஒரு நல்ல கணக்கு டீச்சராக ஓய்வு பெற்றிருப்பார், நாமும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

1941 டிசம்பரில் அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்கியது. கடற்படையில் பெண்களுக்கும் ஒரு பிரிவு தொடங்கினார்கள். ஹாப்பர் போய் நின்றார். வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருந்தது, அது அதிகம் என்றார்கள். உடம்பு எடை கேட்டதை விட 15 பவுண்டு குறைவு என்றார்கள். கணிதப் பேராசிரியை, இங்கேயே இருந்து பாடம் நடத்துவதுதான் நாட்டுக்கு நல்லது என்றும் சொன்னார்கள். விடாமல் விலக்கு வாங்கி 1943 டிசம்பரில் சேர்ந்துவிட்டார். பயிற்சியில் தன் வகுப்பில் முதலிடம். 1944 ஜூலையில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஹோவர்டு ஐக்கன் என்ற கண்டிப்பான அதிகாரியின் கீழ் மார்க் ஒன்று என்ற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த இயந்திரம் 51 அடி நீளம், 8 அடி உயரம், எடை ஐந்து டன். நம் லேப் முழுக்க நீட்டினாலும் சுவரை இடித்துக்கொண்டு வெளியே வரும்! கூட்டல் என்றால் ஒரு வினாடிக்கு மூன்று போடும். பெருக்கலுக்கு ஆறு வினாடி, வகுத்தலுக்குப் பதினைந்து வினாடி. புரோகிராம் என்பது துளை போட்ட காகித நாடா. ஒரு துளை தப்பாக விழுந்தாலும் கணக்கே மாறிவிடும். அந்த 1944-ல் அதில் ஓடிய கணக்குகளில் ஒன்று வான் நியூமன் கொண்டு வந்தது. அது அணுகுண்டு வேலையைச் சேர்ந்தது என்பது ஹாப்பருக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரு வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போக எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது. நாடாவில் துளை போடுகிறவருக்கு அந்தத் துளை எங்கே போய் முடியும் என்று தெரியாமலே இருந்திருக்கிறது.

ஐக்கன் அவருக்குக் கொடுத்த ஒரு வேலை, மார்க் ஒன்றுக்கு ஒரு கையேடு எழுதுவது. எனக்குப் புத்தகம் எழுதத் தெரியாதே என்று ஹாப்பர் தயங்கினார். இது கடற்படை, சொன்னதைச் செய்ய வேண்டும் என்பதுதான் பதில். தினம் ஐந்து பக்கம் எழுதி ஐக்கனிடம் வாசித்துக் காட்டி, ஐந்நூறு பக்கத்துக்கு மேல் வந்த அந்த நூல் 1946-ல் அச்சானது. கம்ப்யூட்டருக்கு என்று எழுதிய மேனுவல்களில் மிக முற்பட்டது அது. எழுதும் வேலை என்று ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஆனால் எழுதி முடித்தபோது இயந்திரத்தின் எந்த மூலையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ப்ராஜெக்ட் குழுவில் நாலு பேர். பால் சொசைட்டிக்கான கணக்கு. முன்பக்கம் விஷுவல் பேசிக்கில் ஃபார்ம், பின்பக்கம் எஸ்.க்யூ.எல். சர்வர் எக்ஸ்பிரஸ். வேலை பிரிக்கும்போது கோடிங் இரண்டு பையன்களுக்கு, ரெக்கார்டு எழுதுவது எனக்கும் என் தோழிக்கும் என்று முடிவாகிவிட்டது. யார் முடிவு செய்தது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது, அது தானாக அப்படித்தான் ஆகும்! கையெழுத்து நல்லா இருக்குதாம்.

இப்போது பூச்சிக்கு வருகிறேன். 1947 செப்டம்பர் 9. போர் முடிந்துவிட்டது. ஹார்வர்டில் மார்க் இரண்டு என்ற அடுத்த இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அது ரிலேக்களால் ஆனது. ரிலே என்றால் நம் எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மின்காந்தம் இழுத்ததும் தொடுமுனைகள் சேரும், விட்டதும் பிரியும். அன்று காலை எட்டு மணிக்கு இயந்திரத்தை ஓட விட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். பதினொரு மணிக்கு கொசைன் நாடாவைப் போட்டிருக்கிறார்கள். மாலை 3.25-க்குக் கூட்டல் பகுதியைச் சோதிக்கும் டெஸ்ட். 3.45-க்கு, எஃப் பேனலில் 70-ஆம் ரிலேயில் ஒரு அந்துப்பூச்சி மாட்டிச் செத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். முனைகளுக்கு நடுவே பூச்சி கிடந்தால் தொடுப்பு எப்படி ஏற்படும்? அதை எடுத்து, டேப் போட்டுப் பதிவேட்டின் அந்தப் பக்கத்திலேயே ஒட்டி, உண்மையான பூச்சி ஒன்று கிடைத்தது இதுதான் முதல் தடவை என்ற அர்த்தத்தில் வேடிக்கையாக எழுதி வைத்தார்கள்.

அந்த வேடிக்கையிலேயே விடை இருக்கிறது பாருங்கள். உண்மையான பூச்சி முதல் தடவை என்றால், உண்மையில்லாத பூச்சிகளை அவர்கள் முன்பே பேசிக்கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்? ஆமாம். இயந்திரத்தில் வரும் கோளாறை 'பக்' என்று சொல்வது எடிசன் காலத்திலேயே, 1870-களிலேயே உண்டு. பூச்சியைக் கண்டுபிடித்ததும் ஹாப்பர் இல்லை, அங்கே வேலை செய்த ஆபரேட்டர்கள். அவர் அந்தக் கதையை ஊர் ஊராகப் போய்ச் சுவையாகச் சொன்னதால் கதை அவர் பேரிலேயே நின்றுவிட்டது. இதனால் அவர் பெருமை ஒன்றும் குறையவில்லை என்பது என் கருத்து.

எனக்குப் பூச்சியை விட அந்தப் பதிவேடுதான் பெரிசாகத் தெரிகிறது. எத்தனை மணிக்கு என்ன செய்தோம், எத்தனை மணிக்கு நின்றது, எந்தப் பேனல், எந்த ரிலே. எங்க அப்பா ஊராட்சியில் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். ஐந்தாவது வரை படித்தவர். ஒரு நீளமான நோட்டில் மோட்டார் போட்டது 5.30, கரண்ட் போனது 6.10, ஃபியூஸ் மாற்றியது என்று எழுதி வைப்பார். தண்ணீர் வரவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் பேசவே மாட்டார், நோட்டைப் பிரித்துக் காட்டுவார். 'லாக்' என்ற பாடத்தை வகுப்பில் நடத்தியபோது எனக்கு அந்த நோட்டுதான் கண்ணில் வந்தது.

எங்கள் ப்ராஜெக்டில் ஃபார்மும் சர்வரும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்த வரைக்கும் ஒழுங்காக ஓடியது. ரிவ்யூவுக்கு நான்கு நாள் முன்பு, சர்வர் ஒரு கம்ப்யூட்டரிலும் ஃபார்ம் இன்னொன்றிலும் வைக்கச் சொன்னார்கள். கனெக்ட் பட்டனை அழுத்தியதும் நீளமான ஒரு ஆங்கிலப் பிழைச் செய்தி, கடைசியில் எண் 26. சர்வரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறது. ஒருத்தன் எல்லாத்தையும் அழித்துவிட்டுத் திரும்ப ஏத்தலாம் என்றான். இன்னொருத்தன் இந்த மெஷினே ராசியில்லை என்றான். ரெக்கார்டுக்காக நானும் தோழியும் அந்தச் செய்தியை முழுசாக எழுதி எடுத்துக்கொண்டு, சர்வர் கம்ப்யூட்டரில் லாக் ஃபோல்டரில் இருக்கும் எர்ரர்லாக் கோப்பை நோட்பேடில் திறந்து பார்த்தோம். நாங்கள் கனெக்ட் செய்த நேரத்துக்கு அதில் ஒரு வரி கூட இல்லை!

ஒன்றும் இல்லை என்பதும் ஒரு செய்திதான். சர்வர் நம்மைத் திருப்பி அனுப்பியிருந்தால் அதை எழுதியிருக்கும். எழுதவில்லை என்றால் நாம் வாசல் வரைக்கே போகவில்லை. அப்போ கோளாறு பாஸ்வேர்டில் இல்லை, வழியில். அதன் பிறகு தேடும் இடம் சுருங்கிப் போச்சு. எக்ஸ்பிரஸ் பதிப்பை நிறுவினால் வெளிக் கம்ப்யூட்டர்கள் வர டி.சி.பி. ஐ.பி. வழி மூடியே இருக்கும், பாதுகாப்புக்காக. கான்ஃபிகரேஷன் மேனேஜரில் அதைத் திறக்க வேண்டும். சர்வரின் பேரைக் கேட்டால் கதவு எண் சொல்லும் பிரவுசர் என்ற சர்வீசும் நின்று கிடந்தது. அதையும் ஓட விட்டு, ஃபயர்வாலில் அனுமதி கொடுத்து, சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பினோம். 26 போனது.

போய், 18456 வந்தது! பயனர் லாகின் தோல்வி என்று மட்டும் திரையில் இருந்தது. ஸ்டேட் என்ற இடத்தில் 1. பாஸ்வேர்டு தப்பா, பயனர் பேர் தப்பா, எதுவும் சொல்லவில்லை. நண்பர்களே, இந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைத் தட்டுகிறவன் திருடனாகவும் இருக்கலாம் என்பதால் சர்வர் வெளியே எல்லோருக்கும் 1 என்றுதான் காட்டும். உள்ளே தன் லாகில் மட்டும் உண்மையான ஸ்டேட் எண்ணை எழுதி வைக்கும். 5 என்றால் அப்படி ஒரு பயனரே இல்லை. 8 என்றால் பாஸ்வேர்டு தப்பு. எங்கள் லாகில் இருந்தது 58. அதாவது அந்தச் சர்வர் விண்டோஸ் கணக்குகளை மட்டுமே ஏற்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது, நாங்களோ சர்வருக்குள் தனியாக உண்டாக்கிய பயனர் பேரில் போகிறோம். பாஸ்வேர்டை நூறு தடவை மாற்றியிருந்தாலும் நடந்திருக்காது. இரண்டு வகையும் ஏற்கும்படி மாற்றி, திரும்ப எழுப்பினோம். பால் கணக்கு இந்தக் கம்ப்யூட்டரில் இருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குப் போய் உட்கார்ந்தது. மாலை 4.20. ரெக்கார்டில் நேரத்தோடு எழுதியிருக்கிறேன். ரிவ்யூவில் சார் கேட்டபோது சர்வர் பக்கத்தை நானும் தோழியும்தான் விளக்கினோம்.

ஹாப்பர் கதைக்கு வருவோம். 1949-ல் அவர் பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி இருவரின் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே இருந்த பைனாக் இயந்திரம் எட்டடிமான எண்களில் வேலை செய்யும், 7-க்கு அடுத்தது 10. ராத்திரி பகலாக அதே எண்களில் கூட்டிக் கழித்துப் பழகிவிட்டார். கொஞ்ச நாளில் அவருடைய பேங்க் கணக்கு மூன்று மாதமாக ஒத்துப் போகவே இல்லை. பேங்கில் வேலை செய்த தம்பியிடம் கொடுத்தார். அவர் மெனக்கெட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார், அக்கா செக் புத்தகத்தில் அங்கங்கே எட்டடிமானத்தில் கழித்து வைத்திருக்கிறார்! ஒரு பக்கம் பத்தில் பேச, ஒரு பக்கம் எட்டில் பேசினால் கணக்கு எப்படிச் சேரும்? நம் ஆட்கள் 32 பிட் புரோகிராமை வைத்துக்கொண்டு 64 பிட் ஓ.டி.பி.சி. டிரைவரைத் தேடி அலைவதும் இதே வியாதிதான்.

அந்தக் காலத்தில் சைன், கொசைன் போன்ற சின்னச் சின்ன புரோகிராம் துண்டுகளை நோட்டில் எழுதி வைத்து, ஒருவர் நோட்டைப் பார்த்து இன்னொருவர் காப்பி அடிப்பார்கள். நம்மைப் போலத்தான். காப்பி அடிக்கும்போது ஒரு எழுத்து மாறும். முகவரி எண்களை எல்லாம் புது இடத்துக்கு ஏற்றபடி கூட்ட வேண்டும், அதில் பிழை வரும். மனிதனுக்கு ஒழுங்காகக் காப்பி அடிக்கவும் வராது, கூட்டவும் வராது, இரண்டும் நன்றாகத் தெரிந்த இயந்திரம் பக்கத்தில் நிற்கிறதே என்று யோசித்தார் ஹாப்பர். துண்டுகளை எல்லாம் காந்த நாடாவில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்தார். எண்ணை எழுதினால் போதும், கம்ப்யூட்டரே துண்டை எடுத்து, முகவரியைக் கூட்டி, ஒட்டிக் கொடுக்கும். 1952-ல் வந்த இந்த ஏ-ஜீரோதான் அவர் கம்பைலர் என்று பெயர் வைத்த முதல் புரோகிராம். இன்றைய பார்வையில் அது லிங்கர் செய்யும் வேலைக்குத்தான் நெருக்கம் என்பார்கள். இருக்கட்டும்.

அதில் ஒரு சிக்கல். நாடாவை ஒரே ஓட்டத்தில் படிக்க வேண்டும், பின்னால் வரப்போகும் இடத்துக்கு இப்போதே தாவச் சொன்னால் அந்த இடம் எங்கே என்று தெரியாது. ஹாப்பருக்குக் கல்லூரியில் ஆடிய கூடைப்பந்து நினைவுக்கு வந்தது. பந்தைக் கூட்டாளியிடம் தூக்கிப் போட்டுவிட்டு முன்னால் ஓடிப் போய்த் திரும்ப வாங்கிக்கொள்வது போல, நினைவகத்தின் கடைசியில் ஒரு மூலையை ஒதுக்கினார். இப்போதைக்கு அந்த மூலைக்குத் தாவு, சரியான இடம் தெரிந்ததும் மூலையிலிருந்து அங்கே தாவு! மைதானத்தில் கிடைத்த யோசனை என்பதால் ஃபிசிகல் டைரக்டர் சாருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த படி, கம்ப்யூட்டருக்கு ஆங்கிலச் சொற்களால் கட்டளை கொடுப்பது. கணக்குப்பிள்ளைக்கும் கிடங்குக்காரருக்கும் கணிதக் குறியீடு எதற்கு என்பது அவர் வாதம். நடக்காது, கம்ப்யூட்டருக்கு ஆங்கிலம் தெரியாது என்றது நிர்வாகம். அவர் செய்து காட்டினார். அதோடு விடாமல் அதே புரோகிராமைப் பிரெஞ்சு சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் ஓட்டிக் காட்டினார். அவருக்கு அது சும்மா ஒரு எழுத்துக் கோர்வைக்குப் பதில் இன்னொன்று. நிர்வாகத்துக்கோ தூக்கிவாரிப் போட்டது, அமெரிக்க இயந்திரம் அந்நிய மொழி பேசுவதா என்று! ஆங்கிலம் மட்டும் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. இதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எர்ரர் மெசேஜ் வந்ததும் நம்மில் பலர் படிக்காமலே ஓகே அழுத்துவது சோம்பலால் மட்டும் இல்லை. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தப் பெட்டி ஒரு அதட்டல் மாதிரித் தெரியும். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கம்ப்யூட்டருக்கு எந்த மொழியும் தாய்மொழி இல்லை என்பதை அந்த அம்மையார் 1950-களிலேயே காட்டிவிட்டார்.

அந்த வேலை ஃப்ளோ-மேட்டிக் என்ற மொழியானது. 1959 மே மாதம் பென்டகனில் கூடிப் பேசி, எல்லாக் கம்பெனி இயந்திரத்துக்கும் பொதுவாக ஒரு மொழி வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். அதுதான் கோபால். அதைச் செய்தது ஒரு குழு. ஜீன் சாமெட், பெட்டி ஹோல்பெர்ட்டன் போன்ற பெண்களும் அதில் உழைத்தார்கள். ஹாப்பர் ஆலோசகர், ஆனால் அடித்தளத்தில் நிறைய அவருடைய ஃப்ளோ-மேட்டிக். 1960 டிசம்பரில் ஒரே கோபால் புரோகிராமை இரண்டு வேறு வேறு கம்பெனிக் கம்ப்யூட்டர்களில் ஓட்டிக் காட்டினார்கள்.

1966 கடைசியில் கடற்படை அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஏழே மாதத்தில், 1967 ஆகஸ்டில், ஆறு மாதத்துக்கு மட்டும் வாருங்கள் என்று திரும்பக் கூப்பிட்டது. அந்த ஆறு மாதம், நடுவில் ஒரு சிறு ஓய்வு போக, 1986 வரை நீண்டது! கோபால் கம்பைலர்கள் சொன்னபடி நடக்கிறதா என்று சோதிக்கும் புரோகிராம்களை அவருடைய குழு செய்தது. அவர் அறைச் சுவரில் ஒரு கடிகாரம் முள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். எப்போதும் இப்படித்தான் செய்தோம் என்று சொல்கிறவர்களுக்காக மாட்டியது. பேசப் போகும் இடமெல்லாம் 30 சென்டிமீட்டர் அளவுக்கு வெட்டிய டெலிபோன் கம்பிகளைக் கொடுப்பார். ஒரு நானோ வினாடியில் மின்சாரம் அதிகபட்சம் போகக்கூடிய தூரம் அவ்வளவுதான். மைக்ரோ வினாடிக்கு, கிட்டத்தட்ட 300 மீட்டர் கம்பிச் சுருளைத் தூக்கிக் காட்டுவார். சர்வர் ஒரு ஊரிலும் ஃபார்ம் ஒரு ஊரிலும் இருந்தால் பதில் ஏன் தாமதமாகிறது என்பதற்கு இதை விட நல்ல பாடம் நான் கேட்டதில்லை.

1986 ஆகஸ்டில் 79 வயதில், ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றார். அப்போது அமெரிக்கக் கடற்படையில் பணியில் இருந்த அதிகாரிகளில் அவர்தான் மூத்தவர். பிறகும் சும்மா இருக்கவில்லை, டிஜிட்டல் எக்யுப்மென்ட் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார். 1992 ஜனவரி 1-ம் தேதி காலமானார். ஆர்லிங்டன் கல்லறையில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 2016-ல் அமெரிக்க அரசின் சுதந்திரப் பதக்கம் அவர் பெயருக்கு வழங்கப்பட்டது.

பூச்சி ஒட்டிய அந்தப் பதிவேடு இப்போது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. பூச்சி இன்னமும் டேப்புக்கு அடியில்தான். ஒரு போர்க்கப்பலுக்கும் ஹாப்பர் என்று பேர் வைத்து, 1997-ல் கடற்படையில் சேர்த்தார்கள். யாரும் திட்டமிட்டு வைத்த எண் இல்லை, வரிசையில் வந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கப்பலின் எண் 70. பூச்சி மாட்டிய ரிலேயின் எண்ணும் அதுவே.